புதுச்சேரிக் கடற்பாலமும் விழுப்புரம் – திண்டிவனம் பின்னிலமும்: மீட்டெடுப்பை முன்வைத்துச் சில அளவுகோல்கள்

விழுப்புரமும் திண்டிவனமும் கடலைத் தொடாத நகரங்கள் என்றாலும், முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றைச் சுற்றியுள்ள கரம்பையிலும் செம்மண்ணிலும் விளைந்த பொருள் அயல்நாட்டுச் சந்தைக்குப் போன வாயில்களுள் முதன்மையான ஒன்று, இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரியின் கடற்பாலமாகும். ஒரு துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பியும் அதிலிருந்து சரக்குப் பெற்றும் வாழும் உள்நாட்டுப் பகுதியைப் பொருளியலார் பின்னிலம் என்பர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபாதி இந்தப் பாலத்தின் பின்னிலமாக இருந்ததால், 2022 மார்ச்சில் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தபின் எழுந்த மீட்டெடுப்புப் பேச்சு புதுச்சேரி நகரத்தின் சுற்றுலாச் செய்தியாக மட்டும் சுருங்கிவிடுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, பின்னர்க் காட்டப்படுவதுபோல், நில இயல்புக்கும் பொருந்தாது.

கடற்பாலம் என்பது கரையிலிருந்து தொடங்கி, அலை உடைந்து நுரைக்கும் பகுதியைத் தாண்டி, ஆழமுள்ள நீர்வரை தூண்களின்மேல் நீண்டு செல்லும் மேடை. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லாமையால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆளும் சலங்கு என்னும் படகுகளில் அலையை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல் கயிற்றால் தைத்த அந்தப் படகு, அலை அறையும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மூட்டை நனையாமல் கரைசேர்வதற்கு உறுதி எதுவும் கிடையாது. கடற்பாலம் வந்தபின்பும் கப்பல் அதன் அருகே வந்துவிடவில்லை. பாலத்தின் நுனியில் படகில் இறக்கப்பட்ட மூட்டை அங்கிருந்து கப்பலுக்குப் போயிற்று. அலை உடையும் அந்தச் சிறு தொலைவை மட்டுமே பாலம் நீக்கியது. அதுவே பெருத்த ஆதாயம்.

சென்னையில் 1861-இல் அமைந்த இரும்புப் பாலத்தைத் தொடர்ந்து, பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியில் 1866-இல் இரும்புக் கடற்பாலம் ஒன்றைக் கட்டி முடித்தது. அக்காலத்தில் இத்தகைய பாலங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது திருகுத்தூண் முறை. தூணின் அடியில் அகன்ற திருகு இலை ஒன்றைப் பொருத்தி, தூணையே சுழற்றி மணலுக்குள் இறக்கும் இந்த முறையை அலெக்சாண்டர் மிட்செல் என்னும் பொறியாளர் வகுத்திருந்தார். ஆழமான கடைக்கால் தோண்ட வழியில்லாத மணற்கடலுக்கு அது ஏற்றதாக இருந்தது. பாலம் கரையேறிய இடத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் தூண்கள் நிறுத்தப்பட்டன; இன்று காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவையே. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் மலைக்கோட்டையில் செதுக்கப்பட்ட கற்கள் பிரெஞ்சுக்காரரின் கடல்வாயிலுக்கு அணியாக நின்ற முரண் தனியே எழுதத்தக்கது.

பாலத்தை வாழவைத்தது மணிலாக்கொட்டை. இந்த வட்டார வழக்கில் மல்லாட்டை. மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணெய்வித்துக்காக உலகெங்கும் கைநீட்டியபோது, மழையை நம்பிய தென்னார்க்காட்டு மேட்டுநிலம் அதற்கு விடை கொடுத்தது. 1879-இல் விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், மாட்டுவண்டியில் இரண்டு நாள் இழுத்த மூட்டை ஒரு பகலுக்குள் கடற்கரையை அடைந்தது. விழுப்புரம் ‘ஜங்ஷன்’ ஆனதன் முதற்காரணங்களுள் இந்தக் கிளைப்பாதையும் ஒன்று. ஆனால் ஏற்றுமதியின் தரம் எப்போதும் சீராக இருந்ததில்லை. காய்ந்த காயைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கழியால் அடித்தால் தோல் எளிதில் உடையும் என்பதால் உழவரும் தரகரும் அப்படியே செய்தனர். ஈரம் ஏறிய பருப்பு கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் கிடந்து பூசணம் பிடித்துச் சிக்கேறியது. மார்செய் வணிகர் விலையைக் குறைத்தனர். தோலுடைக்கும் எந்திரம் பரவியபின்பே அந்தக் குறை தணிந்தது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா இரகங்கள் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என ஊரின் பெயரைத் தாங்கி நாடெங்கும் பயிரானதற்கு, இந்த நெடுங்கால வணிகப் பழக்கம் மண்ணில் விட்டுச்சென்ற அறிவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

இரும்புப் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது. அதன்பின் தெற்கே, பழைய துறைமுக வளாகத்தில், கம்பியிட்ட காங்கிரீட்டால் புதிய பாலம் ஒன்று எழுந்து 1962-இல் பயன்பாட்டுக்கு வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். 2022-இல் விழுந்தது இந்த இரண்டாவது பாலமே. ‘பிரெஞ்சுக்காரர் கட்டிய பாலம்’ என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளும், அங்கே படம்பிடித்த திரைத்துறையினரும் வழங்கிவந்தது பிழை. மீட்டெடுப்புத் திட்டம் முதலில் தீர்க்கவேண்டிய வினா இதுவே: எதை மீட்பது? 1866-ஆம் ஆண்டுப் பாலத்தின் வார்ப்புரும்பு அழகைக் காங்கிரீட்டின்மேல் ஒட்டிப் போலிப் பழமை செய்வதைவிட, விடுதலை பெற்ற நாட்டின் பொறியியல் முயற்சியாக 1962-ஆம் ஆண்டுப் பாலத்தை அதன் எளிய வடிவிலேயே ஏற்பது நேர்மையானது. 1870-களின் தொடக்கத்தைச் சேர்ந்த நகரமன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்தபின் பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. அங்கே வரைபடமும் நிழற்படமும் அலங்கார வேலையும் பெரிதாக நின்றதால் அந்த முறை பொருந்தியது. பாலத்துக்கு அதே அளவுகோலை எடுத்துச்செல்ல இயலாது.

காங்கிரீட் பாலம் விழுவதற்கு ஒரு புயல் மட்டும் காரணமாவதில்லை. கடல்நீரின் உப்பிலுள்ள குளோரைடு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் ஊறி உள்ளே இருக்கும் கம்பியை அடைகிறது; துருவேறிய கம்பி தன் பழைய பருமனைவிடப் பலமடங்கு இடம் கேட்டுப் பருக்கிறது; மேலுறை வெடித்து உதிர்கிறது; வெளிப்பட்ட கம்பி இன்னும் விரைந்து அரிக்கப்படுகிறது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் உயிர்வளி குறைவாதலால் அரிப்பு மெதுவாகும். அலை தெறித்து நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மாறிமாறி நிற்கும் தெறிப்பு மண்டலமே முதலில் அழிகிறது. தூணின் நடுப்பகுதி இடுப்பொடிந்ததுபோல் மெலிந்திருப்பதைப் படகில் போய்ப் பார்ப்பவர் காணலாம். மேலே நடப்பவர் கண்ணுக்கு அது படாது. இந்தியத் தரநிலை 456 இத்தகைய இடத்துக்கு எம்-40 தரக் காங்கிரீட்டும், கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் மேலுறையும் வேண்டும் என்கிறது. 1950-களின் கட்டுமானத்தில் இந்த அளவை எதிர்பார்க்க இயலாது. எஞ்சிய தூண்களைக் கவசமிட்டுக் காப்பதா, பழைய வரிசையை ஒட்டிப் புதிய தூண் இறக்குவதா என்பது, முங்கு நீச்சலர் ஒவ்வொரு தூணையும் அளந்து, உள்மாதிரி எடுத்து, கம்பியின் அரிப்பு நிலையை மின்னழுத்த முறையில் சோதித்தபின்பே முடிவாக வேண்டியது. திட்ட மதிப்பீட்டை முன்னே எழுதிவிட்டு ஆய்வைப் பின்னே வைப்பது நம் பொதுப்பணிகளில் பழகிப்போன வரிசை; கடல் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

பயன்பாடு மாறினால் சுமையும் மாறும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சரக்கு இறக்கும் பாலம் சில இடங்களில் பெருஞ்சுமையைத் தாங்கும். மாலை உலாவுக்கு வரும் கூட்டமோ முழுத்தளத்தையும் ஒரே நேரத்தில் நிரப்பும், கூடவே அசைந்தும் கொண்டிருக்கும். நெருக்கமான கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் எனக் கணக்கிடுவது வழக்கம். இங்கிலாந்தின் கிளிவ்டன் பாலம் 1970-இல் ஒரு சுமைச் சோதனையின்போதே சரிந்து, திரும்பத் திறக்க 1989 ஆயிற்று. ஆள் இல்லாத நேரத்தில் சோதனையில் சரிந்தது என்பதே அதன் பேறு.

இனி மணல். இந்தத் திட்டத்தில் விழுப்புரம் மாவட்டத்தின் பங்கு நேரடியாக நுழையும் இடம் இது. சோழமண்டலக் கரையை ஒட்டி, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவது மிகுதி. தூண்களுக்கிடையே நீரும் மணலும் தடையின்றிப் போகவிட்ட கடற்பாலங்கள் இரண்டும் இந்த ஓட்டத்தை மறிக்கவில்லை. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காகக் கற்களால் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டபோது தெற்கே மணல் குவிந்தது. வடக்கே புதுச்சேரியின் மணற்பரப்பு மறைந்தது. நகரக் கரையைக் காக்கக் கருங்கல் கொட்டியதும், அரிப்பு அந்தக் கல்லின் முனையைத் தாண்டி வடக்கே நகர்ந்து, விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனக் குப்பம் குப்பமாக ஏறியது. அங்குள்ள மீனவர், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்வதும், ஓரிடத்தில் தூண்டில் வளைவு அமைந்தால் அடுத்த குப்பத்தில் வீடு இடிவதும் தொடர்கதை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை வைத்தபின் நகரக் கரையில் மணல் ஓரளவு மீண்டது. வடக்குக் குப்பங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இதே மாவட்டத்தின் அழகன்குப்பத்தில் கழுவெளி முகத்துவாரத்தை ஒட்டித் தொடங்கிய மீன்பிடித் துறைமுகப் பணியை, சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமையைக் காட்டித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் நிறுத்தி வைத்ததையும் இங்கே நினைக்கலாம். ஆகவே பழைய பாலத்தை மீட்கும்போது படகுக் குழாமுக்கு அமைதியான நீர் வேண்டும் எனச் சொல்லி அதன் பக்கத்தில் கல்லணை போடும் யோசனை எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

வணிக மேம்பாட்டைப் பொறுத்தவரை, வருவாய் இல்லாத பாலம் மறுபடி துருப்பிடிக்கும் என்பது உண்மை. வருவாய்க்காகவே எழுந்த பாலமும் நிலைப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. புதுச்சேரியின் முதற்பாலம் திறந்த அதே 1866-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் திறக்கப்பட்ட மேற்குப் பாலம், 1975-இல் மூடப்பட்டு, உயர்தர மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டும், குலுக்கல் நிதியிலிருந்து உதவி ஒதுக்கப்பட்டும், கரையோரக் கடைக் கட்டடங்களைப் பற்றிய வழக்கும் எதிர்ப்பும் இழுத்துக்கொண்டிருக்கையிலேயே 2002-இல் சரிந்து 2003-இல் எரிந்தது. அதன் வாயிலில் நகரமன்றக் கடனில் 2016-இல் எழுந்த பார்வைக் கோபுரம் 2024-இல் நொடித்தது. ஹேஸ்டிங்ஸ் பாலம் 2010-இல் தீக்கிரையாகி, மக்கள் பங்குத்தொகையும் பொதுநிதியும் கொண்டு 2016-இல் மீண்டு, மறு ஆண்டே அந்நாட்டின் உயரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் விருதைப் பெற்றது. விருது கிடைத்த சில வாரங்களில் அதை நடத்திய அறக்கட்டளை கடன் தாளாமல் கையை விரித்தது. கட்டுவதற்குப் பணம் தேடியவர்கள் ஆண்டுதோறும் சாயம் அடிப்பதற்குப் பணம் தேடி வைக்கவில்லை.

இந்த அனுபவங்களைப் புதுச்சேரிக்குப் பொருத்தினால், சுமையும் கடையும் கரையில் இருக்கட்டும், கடலுக்குள் நீளும் தளம் நடைக்கும் தூண்டிலுக்கும் மட்டும் இருக்கட்டும் என்பதே தகுந்த பிரிவினை. தாழ்நீர்க் கோட்டுக்கு அப்பால் உள்ள கடற்பரப்பில் படகுத்துறை போன்ற கடல்சார் அமைப்புகளுக்கே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இடந்தருகின்றன. பாலத்தின்மேல் உணவகம், விடுதி எனத் தொடங்கும் கனவுகள் அங்கேயே முட்டிக்கொள்ளும். மாறாக, பழைய துறைமுக வளாகத்தின் கிடங்குகள் உறுதியான நிலத்தில் நிற்கின்றன. மரக்காணத்து உப்பு, திண்டிவனம் வட்டாரத்து மரச்செக்கு மணிலா எண்ணெய், செஞ்சிப் பகுதியின் நெல் என முன்பு இந்த வழியைச் சார்ந்திருந்த பின்னிலத்தின் பொருள்களை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அங்கே நேரடியாக விற்க முடியும். அக்கடைகளின் வாடகையில் நிலையான ஒரு பங்கை, வேறு செலவுக்குத் திருப்ப இயலாத பராமரிப்பு நிதியாக ஒப்பந்தத்திலேயே கட்டிவைக்க வேண்டும். வம்பாக்கீரப்பாளையம் மீனவரின் படகுவழியும் வலைகாயும் இடமும் அந்த ஒப்பந்தத்தில் எல்லை குறித்து எழுதப்பட வேண்டும்.

பாலமும் முகத்துவாரமும் புதுச்சேரி நிர்வாகத்தின்கீழ் இருக்க, அவற்றின் விளைவைச் சுமக்கும் குப்பங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால், இரு அரசுகளின் துறைமுக, மீன்வள, பொதுப்பணி அலுவலர்களும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் அமராமல் இந்தத் திட்ட அறிக்கை நிறைவாகாது. முகத்துவாரத்தில் தூர்வாரி எடுக்கும் மணலைத் தெற்கே கொட்டாமல் குழாய்வழி வடக்குக் கரைக்குத் தள்ளும் கடப்பாட்டை, பாலத்தின் கட்டுமான ஒப்பந்தத்தோடு இணைந்த தனிப் பணியாகச் சேர்த்து, வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் முடிக்கவேண்டிய அளவையும் அதில் குறிப்பிடுவது இப்போதைக்குச் செய்யக்கூடியது.