கைப்பிடியின் அளவு

என் பணிக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் நூலகத்திற்கு இரண்டு மர அலமாரிகள் செய்வித்தேன். அவற்றின் கதவுகளுக்குப் பெரிய பித்தளைக் குமிழ்களை நானே கடைக்குச் சென்று தேர்ந்தெடுத்தேன். என் மார்பளவு உயரத்தில் அவை பளபளவென்று விளங்கின. கண்டவர் பாராட்டினர். ஆனால், ஆறாம் வகுப்பினருக்கென்று வாங்கி வைத்த கதை நூல்கள் ஓராண்டாகியும் இடம்விட்டு அசையவில்லை. அவர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று கருதிக் காலைக் கூட்டத்தில் கடிந்து பேசினேன். அன்று மாலை ஒரு சிறுமி தயங்கியவாறு வந்து, “ஐயா, அந்தக் குமிழ் எங்கள் கைக்குள் அடங்கவில்லை; வழுக்குகிறது” என்றாள். போய்ப் பார்த்தேன். கதவும் சற்று இறுக்கமாகவே இருந்தது. அதைத் திறக்கப்போகும் கை எத்தகையது என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

கைப்பிடியின் அளவை மக்கள் எதைக்கொண்டு முடிவு செய்து வந்தனர் என்னும் வினா அன்று என் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு வரலாறு தரும் விடை சுவையானது.

பழைய எகிப்திலிருந்து தொடங்குவோம். 1922ஆம் ஆண்டு ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் மரப்பெட்டிகள் பல கிடைத்தன. அத்தகைய பெட்டிகளில் மூடியின் மேல் ஒரு குமிழும் முன்பக்கத்தில் ஒரு குமிழும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கயிறு சுற்றி, அதன்மேல் களிமண் முத்திரை இடுவர். முத்திரை உடைந்தால் பெட்டியை யாரோ திறந்துவிட்டனர் என்பது தெரிந்துவிடும். ஆதலின் அங்குக் குமிழின் தலையாய வேலை கயிற்றைத் தாங்குவதே.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுச் செல்வர் இல்லங்களில் இழுப்பறைப் பெட்டிகள் பெருகின. அவற்றின் முகப்பில் நீர்த்துளி வடிவில் சிறு பித்தளைத் தொங்கல்கள் இருந்தன. வளைத்த கம்பி ஒன்றை ஒரே துளையின் வழியே செலுத்தி, உட்புறத்தில் அதன் இரு முனைகளையும் விரித்து மடக்குவர். பாரமான இழுப்பறையைப் பன்முறை இழுத்தால் கம்பி தளரும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குறை நீங்கியது. இரண்டு துளைகளில் இரண்டு மரையாணிகளைப் பொருத்தி, அவற்றிடையே வில்போல் வளைந்த பிடியைத் தொங்கவிட்டனர். பிடி உறுதி பெற்றது. ஆனால் புதிய வினா ஒன்றும் பிறந்தது. இரு துளைகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும்? தச்சரின் அளவும் பித்தளை வார்ப்பவரின் அளவும் ஒத்திருந்தாலன்றிப் பிடி பொருந்தாது. இன்றும் பழம்பொருள் வல்லுநர், இழுப்பறையை வெளியே எடுத்து முகப்பின் உட்புறத்தை ஆராய்வர். அடைக்கப்பட்ட பழைய துளைகள் தென்பட்டால், இப்போதுள்ள பிடி பின்னாளில் மாற்றப்பட்டது என்று அறிந்துகொள்வர்.

பித்தளைத் தொழிலில் பெயர்பெற்ற பர்மிங்காம் நகரத்தார், தாம் செய்யும் பிடிகளின் படங்களை அச்சிட்டு எண்ணிட்டு வணிகருக்கு அனுப்பினர். 1769ஆம் ஆண்டில் ஜான் பிக்கரிங் என்பவர், உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி உருவமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வார்ப்புக்கு வேண்டியதைவிடக் குறைந்த பித்தளையில், ஒரே அளவுள்ள பல தகடுகளை எடுக்க இத்தகைய முறைகள் வழிவகுத்தன.

அக்காலத்து அகன்ற இழுப்பறைகள் பலவற்றில் இரண்டிரண்டு பிடிகள் இருப்பதைக் காணலாம். இஃது அழகுக்காக மட்டும் செய்ததன்று. அகன்ற இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அப்பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும், இழுப்பறை கோணலாகி இறுகிக்கொள்ளும். இரு கைகளாலும் ஒருசேர இழுத்தால் நேராக வரும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் இயந்திரத்தின் அளவு மேலோங்கியது. ஒரே வேளையில் பல துளைகளை இடும் பொறிகள் வந்தன. துளைகளுக்கிடையே 32 மில்லிமீட்டர் என்பது அலமாரித் தொழிலின் பொது அளவாயிற்று. இன்று கடைகளில் 96, 128, 160, 192 மில்லிமீட்டர் என்று கைப்பிடிகள் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். இவ்வெண்களை 32ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. பிடியின் நீளம் இழுப்பறை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது தச்சர்களிடையே வழங்கும் ஒரு வாய்பாடு. 48 சென்டிமீட்டர் அகலத்திற்கு 160 மில்லிமீட்டர் பிடி பொருந்தும்.

இவ்வாய்பாடு கண்ணுக்கு உரியது. கைக்கு உரிய அளவைத் தேடியவர்களுள் ஒருவர், நான் ஆசிரியப் பயிற்சியில் பயின்ற மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு உரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், சிறுவர் தாமே திறக்கக்கூடிய தாழ்ந்த அலமாரிகளை அமைத்தார். 1914இல் வெளிவந்த கையேட்டில், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிச் சிற்றிழுப்பறையும், அதில் பளிச்செனத் தெரியும் கைப்பிடியும், பெயர்ச் சீட்டும் வேண்டும் என்று எழுதினார். 1939ஆம் ஆண்டு அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவருடைய நூலை ஆசிரியப் பயிற்சித் தேர்வுக்காகப் படித்து நன்மதிப்பெண்ணும் பெற்றவன் நான். அலமாரி வாங்கும்போது அதை மறந்தேன்!

1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த விதிகள், கதவின் பிடியை ஒரு கையால், இறுகப் பற்றாமலும் மணிக்கட்டைத் திருகாமலும் இயக்க முடியவேண்டும் என்கின்றன. அறுபதைக் கடந்து, காலை வேளையில் விரல் மடக்க வருந்தும் எனக்கு அவ்விதியின் அருமை நன்கு விளங்குகிறது.

எங்கள் நூலகத்துக் குமிழ்களை அகற்றினோம். சிறுவரின் நான்கு விரல்கள் தாராளமாக நுழையும் வில்பிடிகளை ஆசாரி தாழ்வாகப் பொருத்தினார்; கதவின் இறுக்கத்தையும் இழைத்துத் தளர்த்தினார். ஆறாம் வகுப்பின்முன் நின்று, “பிழை உங்களுடையதன்று, என்னுடையது” என்று சொன்னேன். அடுத்த திங்களில் நூல் வழங்கும் பதிவேட்டில் அவ்வகுப்பினர் பெயர்கள் வரிசையாக ஏறின. முதற்பெயர் அச்சிறுமியினுடையது.

உங்கள் வீட்டுக்குக் கைப்பிடி வாங்க நேர்ந்தால், முதலில் பழைய துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்துகொள்ளுங்கள். பின்னர் இழுப்பறையின் அகலத்தைப் பாருங்கள். அதன்பின், வீட்டிலுள்ள மூத்தவரையும் இளையவரையும் அழைத்து, பிடியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். நான் கடையில் செய்யத் தவறியது அந்த மூன்றாவது செயலைத்தான்.