ஆப்பும் கீலும் பூட்டும்: எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் கதவுப் பொருத்தம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மீட்டெடுப்போர் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் காட்டும் அக்கறையைக் கதவோரத்து உதிரிகளுக்குக் காட்டுவதில்லை. கீல், அதன் அடியில் செருகிய ஷிம் தகடு, பூட்டு மாட்டும் கொக்கி, கதவைத் தாங்கும் ஆப்பு ஆகியவை பெரும்பாலும் பழைய இரும்போடு போய்விடுகின்றன. ஒரு வண்டியின் உடல் எந்த நம்பிக்கையில் கட்டப்பட்டது என்பதற்கு இவையே நேரடிச் சான்று. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் உருவான எம்.ஜி. கார்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1945 முதல் 1949 வரை சுமார் 10,000 எண்ணிக்கையில் வெளிவந்த எம்.ஜி. டி.சி.யின் உடல், ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. அந்த உடல் தனிச் சேசியின்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டிருந்தது. மேடுபள்ளத்தில் சேசி முறுக்கிக்கொள்ளும். மரச் சட்டமும் சேர்ந்து வளையும். கதவுத் திறப்பு கணத்துக்குக் கணம் வடிவம் மாறும். கீல்கள் கதவின் பின்பக்கம் இருந்ததால் முன்விளிம்பைப் பிடித்திருந்தது பூட்டு மட்டுமே. பூட்டின் வேலை கதவு திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கதவின் எடையைச் சுமப்பதல்ல. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே டவ்டெயில் எனப்படும் ஆப்பு. கதவு விளிம்பில் ஓர் ஆப்பு, எதிர்த் தூணில் அதற்கேற்ற குழி. கதவு சாத்தும்போது ஆப்பு குழிக்குள் இறுகி, மேலும் கீழும் ஆடாமல் கதவை நிறுத்தும். உடல் வளையும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த நேர்மையான தீர்வு அது. எளிமையில் அதற்கு ஈடான உதிரி பின்னாளைய கார்களில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

1955இல் வந்த எம்.ஜி.ஏ.வில் சேசி அகன்று உறுதிப்பட்டது. உடல் எஃகுக்கு மாறியது. கதவின் மேல்தகடு அலுமினியமானது. திறந்த மாடலில் வெளிக் கைப்பிடியே கிடையாது. உள்ளே கைவிட்டுக் கம்பியை இழுக்க வேண்டும்.

பெரிய திருப்பம் 1962இல் எம்.ஜி.பி.யோடு வந்தது. சிட்னி எனெவரின் பொறுப்பில் உருவான இந்த வண்டிக்குத் தனிச் சேசி இல்லை, உடலே சட்டகம். கூரையில்லாத வண்டியானதால், கதவுக்குக் கீழே பல அடுக்குத் தகடுகளால் ஆன பெட்டி போன்ற சில் பகுதியே முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடிக்கிறது. உடல் வளையாது என்ற நம்பிக்கையில், கதவைச் சீராக நிறுத்தும் பொறுப்பு கீலுக்கும் ஷிம் தகடுகளுக்கும் பெயர்ந்தது. துரு அந்தச் சில்லைத் தின்னத் தொடங்கினால் உடல் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்மூலை இடைவெளி சுருங்கிவிடும். இதைக் கீல் கோளாறு என்று எண்ணிச் சரிசெய்வதே பட்டறைகளில் அதிகம் காணும் பிழை.

இதற்கிடையே பூட்டுக்கு இன்னொரு கடமை சேர்ந்தது. விபத்தில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுவோர் உயிரிழக்கும் அபாயம் மிக அதிகம் என்பதை 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு வெளிக்கொணர்ந்தது. ஃபோர்டு நிறுவனம் 1956 மாடல்களில் பாதுகாப்புப் பூட்டை வைத்தது. ஜெர்மனியில் பேலா பாரன்யி வகுத்த ஆப்புமுனைப் பூட்டு 1959இல் மெர்சிடிஸ் கார்களில் இடம்பெற்றது. எம்.ஜி.பி.க்கு 1965இல் அழுத்துபொத்தான் கைப்பிடியோடு, மோதலில் திறந்துகொள்ளாத பூட்டு வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்க விதி எண் 206, முழுதாக மாட்டிய பூட்டு நீளவாக்கில் 2,500 பவுண்டு இழுவையையும் குறுக்கே 2,000 பவுண்டு இழுவையையும் தாங்க வேண்டும் என்றது. எம்.ஜி.யின் பெரிய சந்தை அன்று அமெரிக்கா என்பதால் இந்த மாற்றங்களைத் தவிர்க்கவே முடியவில்லை.

ஆகவே மீட்புப் பணியின் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். டி.சி.யில் முதலில் மரச் சட்டம், பிறகு கீல், கடைசியாகத்தான் ஆப்பு. தொங்கும் கதவை ஆப்பைக் கொண்டு தூக்கி நிறுத்தினால் குழி தேயும், அதைத் தாங்கும் மரமும் கிழியும். எம்.ஜி.பி.யில் சில்லை வெட்டுமுன் கதவுத் திறப்பின் குறுக்கே முட்டுக்கம்பி வெல்டிங் செய்து, உடல் தொய்யாமல் காக்க வேண்டும். ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு வெறுங்கதவை மாட்டி, கீலில் இடைவெளியைச் சரிபார்த்த பின்னரே பூட்டுக் கொக்கியைத் தொட வேண்டும். புது ரப்பர் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் கதவு சாத்தாது. அதற்குக் கொக்கியைக் குறை சொல்லக் கூடாது.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை அறிந்த மெக்கானிக்குகளுக்கு இப்படிக் கதவைப் பொருத்தும் வேலை அந்நியமல்ல. உடல் பகுதிகளைத் தனிச் சேசியில் போல்ட்டால் பூட்டிய வண்டி அது. 

பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனம், புதிதாக்குவதைவிடக் காப்பதற்கே முன்னுரிமை தருகிறது. கதவைக் கழற்றும் ஒவ்வொருவரும் அதைப் பின்பற்ற எளிய வழி உண்டு: எந்தக் கீலுக்கு எத்தனை ஷிம், எவ்வளவு தடிமன் என்று கழற்றுமுன் எழுதிவையுங்கள், தேய்ந்த ஆப்பையும் கீலையும் எறியாமல் அந்த வண்டியோடே சேர்த்துவையுங்கள்.