புகைக்கு ஒரு சாட்சி

1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏறியவர்கள் சிறுவர்கள். நோய் வெளிப்பட்டதோ அவர்கள் வளர்ந்த பிறகு. இந்த இடைவெளியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நஞ்சு புகுந்த நாளுக்கும் நோய் தெரிந்த நாளுக்கும் இடையில் உடலுக்குள் நிகழ்ந்ததற்குச் சாட்சியே இல்லை.

1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தனர். 1964இல் புரூக்சும் லாலியும், இத்தகைய பொருள்கள் சுண்டெலித் தோலின் டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்கின்றன என்று மெய்ப்பித்தனர். ஆனால் அதைக் கண்டறியக் கதிரியக்கம் ஏற்றிய நஞ்சை உயிருக்குள் செலுத்த வேண்டியிருந்தது. மனிதரிடம் அதைச் செய்வது எங்ஙனம்?

விடை மீண்டும் முயலிடமிருந்தே வந்தது. சிறு மூலக்கூறு தனித்து எதிர்ப்பொருளைத் தூண்டாது. புரதத்தோடு கோத்துவிட்டால் தூண்டும். இவ்வுண்மையைக் கொண்டு, அமெரிக்காவில் மிரியம் புவாரியேயும் உடன் ஆய்ந்தோரும், அசிட்டைலமினோஃபுளோரின் என்னும் நஞ்சு ஒட்டிய டி.என்.ஏ. அலகைப் புரதத்தில் இணைத்து முயல்களுக்குச் செலுத்தினர். முயலின் குருதி தந்த எதிர்ப்பொருள், நஞ்சு ஒட்டிய அலகை இனங்கண்டு பற்றியது. பழுதற்ற அலகை விட்டுவிட்டது. இம்முடிவு 1977இல் வெளியாயிற்று. எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணளவுகளை அளக்கும் முறையை வகுத்த ரோசலின் யாலோ நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இனி நஞ்சை ஊட்ட வேண்டியதில்லை. மனிதத் திசுவே போதும். 1982இல் பிரெடரிக்கா பெரேராவும் உடன் ஆய்ந்தோரும் நுரையீரல் புற்றுநோயாளர் சிலரின் திசுக்களில் பென்சோபைரீன் ஒட்டிய டி.என்.ஏ.வைக் கண்டனர். 1988இல் பின்லாந்தின் வார்ப்பாலைத் தொழிலாளர்களின் வெள்ளணுக்களிலும் அத்தடம் தெரிந்தது. புகைக்கு மிகுதியாக ஆட்பட்டோரிடம் தடமும் மிகுந்திருந்தது.

இச்சாட்சிக்கும் எல்லை உண்டு. உருவொத்த நஞ்சுகளை எதிர்ப்பொருள் ஒன்றெனக் கொள்ளக்கூடும். உயிரணு தன் பழுதைத் தானே செப்பனிடுவதால் தடம் மறைவதும் உண்டு. இன்னாருக்கு நோய் வரும் என்று அது சொல்வதில்லை. இன்ன நஞ்சு இவ்வுடலின் மரபுப்பொருள்வரை சென்றது என்பதையே சொல்கிறது.

ஆயினும் அது சிறிதன்று. பாட் கண்ட புகைபோக்கிச் சிறுவர்களுக்காக, நோய் முற்றிய பின்னர் அவர்களது உடலே சாட்சி சொல்ல நேர்ந்தது. வார்ப்பாலைத் தொழிலாளிக்கோ, நோய் தோன்றும் முன்பே ஒரு துளிக் குருதி பேசுகிறது. அதைக் கேட்டுப் புகையைத் தடுப்பது ஆய்வகத்தின் வேலையன்று, நம்முடைய வேலை.