இரண்டு புனைபெயர்கள்: பள்ளி மரணங்கள் குறித்த ஒரு பழைய விவாதம்

1910 ஏப்ரல் 20, 27 ஆகிய இரண்டு புதன்கிழமைகளில் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகம் கூடிப் பேசியது பள்ளி மாணவர்களின் தற்கொலை பற்றி. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் அன்று இது பெரும் சர்ச்சை. 1891இல் அச்சான வேடெகிண்டின் 'வசந்தத்தின் விழிப்பு' நாடகம் 1906இல்தான் பெர்லினில் மேடையேற முடிந்தது. ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'சக்கரத்தின் கீழ்' நாவலும் அதே ஆண்டு வந்தது. ஆக, உளவியலாளர்கள் வாய் திறக்கும் முன்பே இலக்கியக்காரர்கள் பள்ளிக்கூடத்தைக் கூண்டில் ஏற்றியாயிற்று.

கூட்டத்தில் பேசியவை அதே ஆண்டில் சிறு நூலாக வந்தன. அதில் என்னை உறுத்துவது ஒரு சின்ன விஷயம். பங்கேற்ற ஆசிரியர்கள் இருவர், இருவருமே புனைபெயரில் எழுதியிருக்கிறார்கள். சோசலிஸ்ட்டான கார்ல் ஃபுர்ட்முல்லர் 'கார்ல் மோலிட்டர்' ஆனார். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த டேவிட் எர்ன்ஸ்ட் ஓப்பன்ஹைம் 'உனுஸ் முல்டோரும்' ஆனார். லத்தீனில் 'பலரில் ஒருவன்' என்று அர்த்தம். மருத்துவர்கள் ஃப்ராய்டும் அட்லரும் ஷ்டெக்கலும் சொந்தப் பெயரில் பேசுகிறார்கள், வாத்தியார்கள் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு ஆபத்து என்ற பயமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பையன்களைப் பற்றிப் பேச ஆசிரியனுக்கே வாய் இல்லாத இடத்தில் பையன் எப்படிப் பேசுவான்?

வேடிக்கை என்னவென்றால், ஒளிந்துகொண்டு எழுதிய ஓப்பன்ஹைம் பள்ளியைத் தாக்கவில்லை, அதற்காக வாதாடினார். பள்ளிக்குப் போகாத இளைஞர்களும் சாகிறார்களே, பழியை எங்கள்மேல் மட்டும் போடலாமா என்பது அவர் பக்கத்து நியாயம். ஷ்டெக்கலோ, பிறர்மேல் உள்ள கோபம் தன்மேலேயே திரும்புவதாக விளக்கினார். இந்த விளக்கத்தில் பள்ளிக்கூடம் மெல்ல மறைந்துபோய்க் குடும்பம் மட்டும் மிஞ்சுகிறது. உளவியல் சொல்லாடல் ஒரு நிறுவனத்தை விடுவிக்கிற விதம் இப்படித்தான்.

ஃப்ராய்ட் ஓப்பன்ஹைமின் வாதத்தில் பாதியை ஏற்றுக்கொண்டு, மறுபாதியில் மடக்கினார். சாவுக்குத் தள்ளவில்லை என்பது ஒரு பள்ளிக்குப் போதுமான நற்சான்றிதழா என்று கேட்டார். வீட்டோடு உள்ள பிடி தளர்கிற வயதில், வாழும் ஆசையை ஊட்டுவதும் தாங்கிப் பிடிப்பதும் பள்ளியின் வேலை என்றார். முதிராத பிள்ளைகளுக்கு முதிராமல் இருக்க உரிமை உண்டு. வாழ்க்கையின் இரக்கமின்மையைப் பள்ளி தானே கையில் எடுக்கக்கூடாது. 1910இல் சொன்னது. ஆனால் எப்படிச் செய்வது? இறுதி முடிவு எதையும் எட்டவில்லை என்று சொல்லியே விவாதத்தை முடித்தார்.

செயலுக்கு வந்தவர்கள் பிறகு வந்தவர்கள். முதல் உலகப்போருக்குப் பின், சோசலிஸ்டுகள் ஆண்ட வியன்னாவில், அட்லரின் சீடர்கள் குழந்தை ஆலோசனை நிலையங்களை நடத்தினார்கள். மருத்துவ மாணவராயிருந்த விக்டர் ஃபிராங்க்ல் 1920களின் கடைசியில் இளைஞர்களுக்கு இலவச, ரகசியமான ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். 1930இல் ரேங்க் கார்டு கொடுக்கிற நாட்களைக் குறிவைத்துத் தனி இயக்கமே நடந்தது. அதன்பின் ஓர் ஆண்டு நகரில் மாணவர் தற்கொலையே இல்லை என்று ஃபிராங்க்ல் பின்னாளில் எழுதினார். இது அவர் தரப்பின் கூற்று, அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆபத்து எந்த வாரத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து அந்த வாரத்தில் ஆள் போட்டதை யாரும் மறுக்க முடியாது. 1934இல் சோசலிஸ்டுகளை ஒடுக்கிய ஆட்சி இந்த ஏற்பாடுகளின் அடித்தளத்தையே தகர்த்தது. 1942இல் ஓப்பன்ஹைம், ஃபிராங்க்ல் இருவரையும் நாஜிகள் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். புதிதாய் வந்து இறங்கியவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஃபிராங்க்ல் அங்கேயும் ஒரு குழுவை நடத்தினார். ஓப்பன்ஹைம் 1943இல் அந்த முகாமிலேயே இறந்தார்.

நம்மூரிலும் இந்த இரண்டு குரல்கள்தான். 2017க்குப் பின் நீட் மரணங்களில் ஒரு தரப்பு தேர்வைச் சொல்கிறது, மறுதரப்பு 'மனதைரியம் இல்லாத பிள்ளை' என்கிறது. இரண்டாவது அயோக்கியத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தோழர்களே, இறந்த பிள்ளையைத் தியாகியாக்கிச் சுவரொட்டி அடிக்கும்போது, அதே தேர்வில் தோற்று மூலையில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பிள்ளையும் அதைப் படிக்கிறது. தேர்வை எதிர்க்க அந்தப் படம் தேவையில்லை.

வியன்னாவின் ரேங்க் கார்டு வாரத்துக்கு நம்மிடமும் இணை உண்டு. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இயங்குகிறது. பிளஸ் டூ முடிவு நேரத்தில் 104 எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே எழுதுகிற துணைத்தேர்வைக்கூட இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 'பாடம் போச்சு, வருஷம் போகலை' என்று அது சொல்கிறது, எந்த அறிவுரையையும்விட உரக்க.

பள்ளிக்குள் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்கும்போதே இதையும் கேட்க வேண்டும்: பிள்ளை சொன்னது யார் மேஜைக்குப் போகும்? உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் பார்க்க முடியாது, வீட்டுக்கும் மருத்துவருக்கும் சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் தலைமையாசிரியர் அறைக்குப் போகுமானால், அந்தப் பிள்ளையும் ஒரு புனைபெயரைத் தேடிக்கொள்ளும், அல்லது வாயே திறக்காது.