தளையும் பனிக்கோடரியும்

ஒரு தொழிலின் வரலாற்றை அறிய விழைவோர் அத்தொழிலாளர் விட்டுச்சென்ற கருவிகளை முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஏட்டில் ஏறாத செய்திகள் பல கருவியில் பதிந்து கிடக்கும். உயரத்தில் ஏறித் தொழில் செய்வோர்க்கு இது மிகப் பொருந்தும். அவர்க்குக் கருவி உயிர்க்காவலும் ஆகும். ஆதலின் ஏற்றத்தை விட்டு ஓய்ந்த பின்னரும் அவர்கள் பழங்கருவியை எளிதில் கைவிடார். ஏறுவோருள் மலையேறி, மரமேறி என இருவகையினர் உளர். இவ்விருவர் கருவிகளும் வரலாற்றில் வெவ்வேறு நிலையை அடைந்தமை சிந்திக்கத்தக்கது.

மலையேறியின் கோடரி

1924 ஆம் ஆண்டு சூன் மாதம் 8 ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை நோக்கிச் சென்ற மாலரி, இர்வின் என்னும் இருவர் மீளவில்லை. 1933 இல் மற்றொரு குழுவினர் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் பனிக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தனர். அதன் மரக்காம்பில் மூன்று சிறு கீறல்கள் இருந்தன. அவை இர்வின் தம் பொருள்களில் இட்டுவந்த அடையாளம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 2024 இல் அம்மலையின் பனியாற்றில் ஒரு காலணி வெளிப்பட்டது. அதனுள் இருந்த காலுறையில் இர்வினின் பெயர் தைக்கப்பட்டிருந்தது. நூறாண்டு கழிந்தும் கருவியும் காலுறையும் தம் உடையவரைச் சொல்லிக் கொடுத்தன. அவற்றைப் போற்றிக் காக்க உலகம் முன்வந்தது.

சிங்கப்பூரும் இவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. இத்தீவின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கித் தீமா 164 மீட்டரைத் தாண்டாது. ஆயினும் மாடிப்படிகளில் மூட்டை சுமந்து ஏறியிறங்கிப் பயின்ற குழுவினர் எவரெஸ்டுக்குச் சென்றனர். 1998 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் எட்வின் சியூ, கூ சுவீ சியாவ் ஆகிய இருவர் உச்சியை அடைந்தனர். குழுத்தலைவர் டேவிட் லிம் ஊர் திரும்பியபின் நரம்பு நோயால் உடல் முடங்கினார். தேறி மீண்டும் மலை ஏறினார். இத்தகையோர் கையாண்ட கோடரியும் காலணியும் தேய்ந்தபின் விலைபோகா. ஆயினும் ஒவ்வொரு தேய்வும் ஒரு பயணத்தின் நினைவாகும்.

இவ்விடத்து ஒன்று கருதற்பாலது. கோடரி பழையதாகலாம், கயிறு பழையதாகலாகாது. நாள்பட்ட கயிற்றை அன்பு காரணமாக வைத்துக் கொள்ளலாமேயன்றி, அதனை நம்பி ஏறுதல் கூடாது. மலையேறி கற்ற இப்பாடத்தைப் பனையேறியும் கற்றிருந்தான்.

மரமேறியின் தளை

பனையேறியின் கருவிகள் சில. இரு பாதங்களையும் இணைக்கும் நார்வளையம் தளை எனப்படும். மரத்தில் கால் வைக்கத் துணையாவது முருக்குத்தடி. மார்பு தேயாமற் காப்பது தோல். பாளையை நசுக்கி இடுக்குவது கடிப்பு. நாளும் மெல்லிதாகச் சீவுவது பாளை அரிவாள். அதனைச் செருகி இடுப்பில் கட்டுவது அரிவாள் பெட்டி. சாற்றை ஏந்துவது கலயம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாது விட்டால் அது புளித்துக் கள்ளாகும். அலகுப்பனைக்கும் பருவப்பனைக்கும் கடிப்பு வேறு, கைப்பழக்கமும் வேறு.

பனையேறியின் உழைப்பைக் கணக்கிட்டுக் காண்போம். நாளைக்கு 30 மரம், மரத்திற்கு இருமுறை, மரத்தின் உயரம் 15 மீட்டர் எனக் கொண்டால், அவன் ஒரு நாளில் ஏறுவது 900 மீட்டர். இது புக்கித் தீமாக் குன்றின் உயரத்தைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல். எவரெஸ்டின் தென்புற அடிவார முகாமிலிருந்து உச்சி ஏறத்தாழ 3,500 மீட்டர். பனையேறி நான்கே நாளில் அவ்வளவு உயரம் ஏறிவிடுகிறான். மெல்லிய காற்றும் கடும்பனியும் அவனுக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் அவனுக்கு வழித்துணையும் இல்லை. பருவம் முடியும்வரை ஓய்வும் இல்லை.

இத்தொழிலறிவு கடல் கடந்தும் வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பனைக்கு மாறாகத் தென்னை இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் காத்தோங், கேலாங் பகுதிகள் தென்னந்தோப்புகளாக விளங்கின. தென்னையில் கள் இறக்கும் தொழில் பெரும்பாலும் தென்னிந்தியர் கையில் இருந்தது. மரம் மாறினும் பாளை அரிவாளும் கலயமும் மாறவில்லை.

கள்ளின் பழி

இக்கருவிகளைப் போற்றுவார் அருகியதற்குக் காரணம் உண்டு. கள், தொழிலாளர் கூலியை விழுங்கிற்று. தோட்டந்தோறும் கள்ளுக்கடை வைத்த முதலாளிகள், கொடுத்த கூலியில் ஒரு பங்கை அவ்வழியே திரும்பப் பெற்றனர். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அது நேர்மையான கோரிக்கையே.

ஆனால் கள்ளின் பழி மரமேறியின் மேலும் படிந்தது. குடித்தவன் குற்றமும் விற்றவன் இலாபமும் மறக்கப்பட்டன. ஏறியவன் மட்டும் இழிந்தவன் ஆனான். தமிழகத்தின் தென்கோடியிலோ சாதிக் கொடுமையும் சேர்ந்தது. அங்குப் பனையேறும் குடியினர் மேலாடை அணியவும் கோயிலுள் நுழையவும் 19 ஆம் நூற்றாண்டில் போராட நேர்ந்தது. அவ்வாறு துன்புற்ற தந்தை, தன் மகன் கையில் அரிவாள் பெட்டி ஏறலாகாது என்றே எண்ணினான். மகன் பள்ளிக்குச் சென்றான். பெட்டி பரணுக்குச் சென்றது. வீடு மாறியபோது பரணிலிருந்து குப்பைக்குச் சென்றது. மகன் உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அவனை உயர்த்திய கருவி பெயரின்றி மறைவது வருந்தத்தக்கது.

சொல்லும் உடன் மறையும்

கருவி மறைந்தால் சொல்லும் மறையும். தமிழாசிரியர் யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது தளை என்பது நின்ற சீரையும் வருஞ்சீரையும் பிணைப்பது என்பர். பனையேறியின் தளையும் இரு பாதங்களைப் பிணைத்து மேலே செலுத்துவதே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விளக்கினால் மாணவர் மறவார். பனை என்னும் சொல்லோடு அட்டு என்னும் சொல் புணர்வதற்குத் தொல்காப்பியர் தனிவிதி வகுத்துள்ளார். பனையின் பயன் இலக்கண நூலிலும் இடம் பெறுமளவு மக்கள் வாழ்வோடு கலந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் 2015 ஆம் ஆண்டு இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அணிகலனும் ஆடையும் மட்டுமே மரபு ஆகா. நாள்தோறும் கையாண்டு தேய்ந்த இரும்பும் மரபே. மரமேறிய முதியோர் எவரேனும் வாழும் இல்லங்களில் பழைய அரிவாளோ தளையோ கிடைக்குமாயின், அதனைத் தேடி எடுத்து, உறுப்புகளின் பெயரை அவர் வாய்மொழியாகவே எழுதிக் கொள்ளல் வேண்டும். ஆசிரியர் இதனை ஒரு வகுப்புப் பணியாக மேற்கொள்ளலாம். இர்வினின் கோடரியில் மூன்று கீறல்கள் இருந்தன. அவற்றை அறிந்து சொல்ல ஆளும் இருந்தனர். மரமேறியின் அரிவாளிலும் கீறல்கள் உண்டு. அவற்றைப் படித்துக் காட்ட வல்லார் உள்ளபோதே கேட்டறிதல் கற்றோர் கடனாகும்.