கண்டி வட்டாரமும் இராணுவ அதிகாரப் பதவியும்

இராணுவ அதிகாரி என்பவர் அரச தலைவரின் அதிகாரவாணை பெற்றுப் படைவீரரை வழிநடத்தும் பொறுப்பை ஏற்பவர். இலங்கையில் இப்பதவியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கொழும்பையும் தியத்தலாவையையும் மையமாக வைத்தே எழுதியுள்ளனர். ஆயினும், யார் அதிகாரியாகலாம், யார் ஆக முடியாது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடை கண்டி வட்டாரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. நகருக்குத் தென்கிழக்கே மலைச்சரிவில் உள்ள அம்பிட்டிய, 1893இல் தொடங்கப்பட்ட பாப்பரசர் குருமடத்தால் பெயர் பெற்ற ஊர். படை தொடர்பான பதிவுகளில் அது தனித்துப் பேசப்படுவதில்லை. கண்டியின் புறநகராகவே அடங்கிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை கண்டியையும் பேராதனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

கண்டி அரசில் நிலையான பெரும்படை இருக்கவில்லை. நிலம் பெற்றவர்கள் அதற்கு ஈடாக இராஜகாரியம் என்னும் கடமைப்பணி செய்தனர். போர்க்காலத்தில் மாகாணத் தலைவர்களான திசாவைமாரே தம் பகுதி ஆட்களைத் திரட்டித் தலைமை தாங்கினர். தலைமை என்பது குடிப்பிறப்பையும் நிலத்தையும் சார்ந்தே இருந்தது. மன்னரின் மெய்க்காவலில் தென்னிந்திய வீரரும் மலாய் வீரரும் பணியாற்றினர். 1803இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியப் படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து, மகாவலிக் கரையில் வட்டப்புளுவைக்கு அருகே அழிந்தது. அப்படையிலிருந்த மலாய் அதிகாரி கப்டன் நூர்தீன், மன்னர் ஸ்ரீவிக்கிரம இராசசிங்கனிடம் பணியேற்க மறுத்ததால் கொல்லப்பட்டார். அவருடைய உறவினர் ஒருவரே எதிர்ப்பக்கத்தில் மன்னரின் மலாய் வீரருக்குத் தலைமை தாங்கினார் என்று கூறப்படுகிறது. உறவுமுறை பற்றியும் கொலை நடந்த விதம் பற்றியும் வரலாறுகள் ஒத்துப்போவதில்லை.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானபின், இங்கு அதிகாரியின் வேலையில் பெரும்பங்கு போர் அல்ல, வீதி அமைப்பதே. தோமஸ் ஸ்கின்னர் 1819இல், 15 வயது நிரம்பும் முன்னரோ நிரம்பிய வேளையிலோ, இலங்கைப் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே கொழும்பு–கண்டி வீதி வேலையில் ஈடுபடுத்தப்பட்டார். கண்டி மலைகளை அளந்ததிலும் வீதிகள் திறந்ததிலும் கழிந்தது அவருடைய வாழ்நாள். அவர் எழுதிய நினைவுக் குறிப்பு இக்காலத்து இளம் அதிகாரியின் தனிமையையும் உழைப்பையும் நேரடியாகக் காட்டும் அரிய நூல். அதே வீதியை வகுத்த பொறியியல் அதிகாரி கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. மலாய் வீரர் நிறைந்திருந்த இலங்கை றைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது.

1881இல் தொண்டர் காலாட்படை தோன்றியதால் இலங்கையருக்கு ஒரு சிறு வாயில் திறந்தது. ஆனால் 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. தோட்டத்தில் பெரிய துரை, சின்னத் துரை என்று தொழிலாளர் அழைத்தவர்களே இங்கு வீரராகவும் அதிகாரிகளாகவும் இருந்தனர். 1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிரவுனின் கீழ் 8 அதிகாரிகளும் 229 ஏனையோரும் எகிப்துக்குக் கப்பலேறினர். கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலாகவும் இருந்தனர். சாதாரண வீரராகப் போன பலர் அங்கேயே அதிகாரவாணை பெற்றனர். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதோருக்கு அந்நாளைய பிரித்தானிய விதிகள் அப்படி வழிவிடவில்லை. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேர்ந்து, பிரான்சில் காயமுற்றுத் திரும்பிய றிச்சர்ட் அலுவிகாரை பிற்காலத்தில் முதல் இலங்கையர் பொலிஸ் மா அதிபரானார். போரில் பெற்ற அனுபவம் அவருக்குப் படையில் அல்ல, சிவில் சேவையிலும் பொலிசிலுமே பயன்பட்டது.

வட்டாரத்தின் படை வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது 1944 ஏப்ரல் முதல் 1945 நவம்பர் வரையிலான காலம். நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை அட்மிரல் லூயி மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். அலுவலகங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தன. 1821இல் தொடங்கிய அந்தப் பூங்காவை மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. மாபெரும் மூங்கிற் புதர்களுக்கும் பனை வரிசைகளுக்கும் இடையே குடில்கள் எழுந்தன. பர்மாக் காடுகளின் வரைபடங்கள் அங்கே விரிக்கப்பட்டன. மவுண்ட்பேட்டன் தங்கியது கண்டி அரச மாளிகையில், அதாவது இன்றைய ஜனாதிபதி மாளிகையில். வாவிக்கரை விடுதியொன்றே தலைமையகமாக இருந்தது என்றும் ஊரில் சொல்வதுண்டு. விடுதிகளைப் படையினர் பயன்படுத்தியது உண்மை. ஆயினும் தலைமை அலுவலகம் பூங்காவிலேயே இருந்தது என்பதே பெரும்பாலான குறிப்புகளின் முடிவு.

இங்கு வந்த அதிகாரி, நாம் படங்களில் காணும் போர்க்கள அதிகாரி அல்லர். அவருடைய நாள் கோப்பு, சங்கேதச் செய்தி, வரைபடம், மாநாடு என்று கழிந்தது. பிரித்தானியர், இந்தியர், அமெரிக்கர், ஒல்லாந்தர், சீனர் என ஒவ்வொரு படையின் வழக்கமும் வேறு. அவர்களை ஒரே மேசையில் இணங்க வைப்பதே பலருக்கு முழுநேரப் பணியாயிற்று. பெண்கள் பெருந்தொகையில் எழுத்துப்பணியிலும் சங்கேதப் பிரிவிலும் வேலை செய்தனர். அமெரிக்க உளவு அமைப்பின் பதிவேட்டுப் பிரிவைக் கவனித்த ஜூலியா மக்வில்லியம்ஸ், தம் வருங்காலக் கணவர் போல் சைல்டை இந்த இலங்கைப் பணியின்போதே சந்தித்தார். ஜூலியா சைல்ட் என்ற பெயரில் பின்னாளில் உலகம் அறிந்த சமையல் நூலாசிரியர் அவர்தாம். 1944 இறுதியில் போர்ஸ் 136 என்ற இரகசியப் படைப்பிரிவின் தலைமையகமும் கண்டிக்கு வந்தது. பணியாளர் தொகை அளவுக்கு மீறி வீங்கியது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. பல நாட்டுப் படைகளை நடத்த அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள் என்ற மறுமொழியும் உண்டு. நகரின் மேற்குப் புறத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 200 பேர் துயில்கின்றனர்; பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் ஒரே வரிசையில் கிடக்கின்றனர். 

தலைமையகக் காவற்படைக்குப் பொறுப்பாயிருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1908இல் பிறந்த இத்தமிழர் கொழும்பு புனித யோசேப்பு கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் பயின்று வழக்கறிஞரானவர். 1934இல் இலங்கைக் காலாட்படையில் அதிகாரவாணை பெற்றார். 1949 ஒக்டோபர் 10இல் சுதந்திர இலங்கையின் இராணுவம் அமைந்தபோது முதல் தளபதி பிரித்தானியரான பிரிகேடியர் கெய்த்னஸ் பிரபு. 1955 பெப்ரவரியில் முத்துக்குமாரு அப்பதவியை ஏற்று, முதல் இலங்கைத் தளபதியானார். ஓய்வுக்குப்பின் தூதுவராகப் பணியாற்றினார். இலங்கையின் படை வரலாற்றைச் சுருக்கி அவர் எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. கடற்படையிலும் ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர் 1960 முதல் 1970 வரை தளபதியாயிருந்தார்.

இதே காலத்தில் கண்டிச் சீமையின் தோட்டத் தமிழருக்கு நேர்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்குப் புதிய இராணுவத்தில் இடமில்லை. ஆகவே, துரைமார் படையின் செலவுக்கு மறைமுகமாக உழைத்த லயத்து மக்களின் பிள்ளைகளுக்கு, அப்படை 1949இல் கலைந்தபின்னும் கதவு திறக்கவில்லை. இராணுவ வரலாறுகள் இதைப் பேசாமல் கடந்துவிடுகின்றன.

தொடக்க ஆண்டுகளில் தெரிவான இளைஞர் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டுக்கு அனுப்பப்பட்டனர். 1968 முதல் தியத்தலாவையிலேயே பயிற்சி நடக்கிறது. அந்நிலையம் 1981இல் இலங்கை இராணுவக் கல்விக்கூடம் என்னும் பெயர் பெற்றது. உயர்தரத் தேர்ச்சி, உடற்தகுதி, நேர்முகத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தவரே பயிலிளவல் அதிகாரியாகிறார். பாடசாலை மாணவர் படையணியில் பெற்ற பழக்கம் இங்கு கைகொடுக்கும். கண்டிப் பாடசாலைகளில் அது நெடுநாள் மரபு. அணிநடை, ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு, இரவுநேர நடை, படைச் சட்டம் எனத் தொடரும் பயிற்சி, விடுகை அணிவகுப்போடு முடியும். இரண்டாம் லெப்டினன்ட் முப்பது பேர் கொண்ட பிளாட்டூனைப் பொறுப்பேற்கிறார். பெரும்பாலும் தம்மைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த சார்ஜன்டிடமிருந்தே தொழிலைக் கற்றுக்கொள்கிறார். விடுமுறைப் பட்டியலும் சம்பளக் கணக்கும் அவர் பார்வையில். கடமை அதிகாரியாகும் நாளில் காவலைச் சுற்றிப் பார்ப்பதும், சமையற்கூடத்தில் வீரரின் உணவு எப்படி இருக்கிறதென்று பார்ப்பதும் அவர் வேலை. பதவி உயர்வுக்குத் தேர்வுகள் உண்டு. இடமாற்றம் ஓயாது, குடும்பம் ஊரிலும் அதிகாரி முகாமிலுமாக ஆண்டுகள் கழிவது வழக்கம்.

1956இன் சிங்கள மொழிச் சட்டத்துக்குப்பின் தமிழ், பறங்கியர் இளைஞரின் சேர்க்கை குறைந்தது. 1962இன் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் உயர் அதிகாரிகள் பலர் கைதாகினர். அவர்களில் கிறித்தவர் பெரும்பான்மை. சமய, இனப் புறக்கணிப்பு பற்றிய அச்சமே காரணம் என ஒரு சாராரும், வர்க்க நலனும் அரசியல் சீர்குலைவு பற்றிய கவலையுமே முக்கியம் என வேறு சாராரும் கருதுகின்றனர். டொனால்ட் ஹொரோவிற்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு நூல், பங்கேற்றோரின் கூற்றுகளிலிருந்தே பல நோக்கங்கள் கலந்திருந்ததைக் காட்டுகிறது. குற்றத்தீர்ப்புகளை இலண்டன் கோமறைக் கழகம் 1965இல் இரத்துச் செய்தது.

1983–2009 உள்நாட்டுப் போர்க்காலம் அதிகாரிகளின் தொகையையும் இழப்பையும் பன்மடங்காக்கியது. திரித்துவக் கல்லூரி மாணவராயிருந்து சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற டென்சில் கொப்பேகடுவை 1992 ஓகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலிமுனையில் வெடிப்பில் இறந்தார். அது விடுதலைப் புலிகளின் கண்ணிவெடி என்பதே பொதுவான கருத்து. மாற்றுக் குற்றச்சாட்டுகள் விசாரணை ஆணைக்குழு வரை சென்றன.

பெண்களுக்கான படைப்பிரிவு 1979இல் தொடங்கப்பட்டது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியதால், மலையக இளைஞர் விண்ணப்பிப்பதற்கிருந்த சட்டத் தடை நீங்கியது. கண்டி வட்டாரத்திலோ இன்று பல்லேகலையில் இராணுவத்தின் 11ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் இயங்குகிறது.