விசா இல்லாமல் போன துறைமுக குமாஸ்தா

அமெரிக்காவில் படிக்கவோ பயிற்சி பெறவோ ஜே-1 பரிமாற்ற விசா கேட்பவர், முதலில் டிஎஸ்-2019 படிவம் வாங்க வேண்டும். 'இவர் எங்கள் திட்டத்தில் வருகிறார்' என்று அங்குள்ள ஓர் அமைப்பு கொடுப்பது அது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் காட்ட வேண்டும்.

1914இல் இங்கிலாந்து போக இந்தியருக்கு விசாவே வேண்டாம். ஆனாலும் ராமானுஜன் கப்பல் ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது!

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நீளும் கரையின் தெற்கே சென்னைத் துறைமுகம். அங்கே 1912 மார்ச்சில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி கூப்பிட்டார். கடல் தாண்டக் கூடாது என்ற சாதிக் கட்டுப்பாடு இருந்ததால் இவர் போகவில்லை.

1914 தொடக்கத்தில் சென்னைக்குப் பாடம் நடத்த வந்த நெவில் மறுபடி கேட்டபோதுதான் சம்மதித்தார். பணம்? நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். வருடத்துக்கு 250 பவுண்டு கிடைத்தது. அன்றைய கணக்கில் பவுண்டுக்கு 15 ரூபாய், அதாவது 3,750 ரூபாய். குமாஸ்தா சம்பளத்தில் பத்து வருடத்துக்கும் மேல்! அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போக ஏற்பாடு. மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் கிளம்பியது.

ஆக, பொறுப்பேற்க ஆளும் பணத்துக்கு வழியும் அன்றைக்கும் வேண்டியிருந்தன. கேட்டது தூதரகம் அல்ல, அவ்வளவுதான்.

இன்று ஜே-1இல் போகிறவர்களில் சிலர், படிப்பு முடிந்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். ராமானுஜன் 1919இல் உடல் நலிந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தார். இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்ததும் அந்த வருடம்தான்.